மயக்க மருந்தும் மழலையும்

திருப்பூரின் பனியன் கம்பெனிகளில் கடிகாரத்துக்குத் தனி மதிப்பு உண்டு. ஒரு டி-சர்ட்டுக்குக் கை வைக்க இத்தனை விநாடி, கழுத்துப் பட்டி தைக்க இத்தனை விநாடி என்று ஸ்டாப் வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு அளக்கிறார்கள். ஒரு ஷிப்டில் எத்தனை உருப்படி இறங்க வேண்டும் என்பது அந்தக் கணக்கிலிருந்துதான் பிறக்கிறது. பவர்டேபிளில் தைக்கும் பெண்ணுக்கும், செக்கிங்கில் பிசிர் வெட்டும் பெண்ணுக்கும் விநாடியின் விலை நன்றாகத் தெரியும்.

அதே பெண்கள் பிள்ளைப்பேற்றுக்காகப் போய்ப் படுக்கும் அறுவை அறையிலும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. எந்த வாரத்தில் குழந்தையை எடுப்பது, தாய்க்கு எந்த வகை மயக்கம் கொடுப்பது, மயக்கம் கொடுத்து எத்தனை நிமிடத்தில் குழந்தை வெளியே வர வேண்டும், கருப்பையைக் கீறியபின் எத்தனை விநாடி தாமதிக்கலாம் என்ற கேள்விகளுக்கு விடை காண மருத்துவ உலகம் ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகள் உழைத்திருக்கிறது. விடைகள் இன்றும் திருத்தப்பட்டு வருகின்றன.

இது நம் நாட்டில் யாரோ சிலருக்கு மட்டும் உரிய செய்தி அல்ல. 2019-21 ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களில் நூற்றுக்கு 44.9 அறுவைப் பிரசவங்கள். தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. அதற்கு முந்தைய ஆய்வில் (2015-16) மாநிலச் சராசரி 34.1 ஆக இருந்தது. இந்தியா முழுமைக்கும் 2019-21-ன் கணக்கு 21.5தான். இத்தனை அறுவைகளும் தேவைதானா என்பது பெரிய விவாதம். பத்து விழுக்காட்டுக்கு மேல் அறுவை கூடுவதால் தாய்சேய் மரணம் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. அந்த விவாதத்தை இங்கே விரிக்கப் போவதில்லை. அறுவை என்று முடிவாகிவிட்ட பிறகு குழந்தைக்கு என்ன நேர்கிறது என்பதே நம் பொருள்.

அரசி வாங்கிய குளோரோஃபார்ம்

1847-ம் ஆண்டு ஜனவரியில் எடின்பரோ நகரின் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் ஒரு பிரசவத்தில் ஈதரைப் பயன்படுத்தினார். அதே ஆண்டு நவம்பரில் குளோரோஃபார்முக்கு மாறினார். குளோரோஃபார்ம் பெற்ற தாய் ஒருத்தி தன் பெண்ணுக்கு 'அனஸ்தீசியா' என்றே பெயர் சூட்டினாள் என்று ஒரு கதை நெடுநாள் உலவியது. அது செல்லப் பெயர் மட்டுமே. அந்தக் குழந்தையின் உண்மைப் பெயர் வில்ஹெல்மினா.

பிரசவ வேதனை கடவுள் விதித்தது, அதை மாற்றுவது பாவம் என்று எதிர்ப்பு எழுந்தது. 1853 ஏப்ரலில் விக்டோரியா அரசி தம் எட்டாவது குழந்தைக்கு ஜான் ஸ்நோ என்ற மருத்துவரிடம் குளோரோஃபார்ம் பெற்றுக்கொண்டதும் அந்த எதிர்ப்பு பெரும்பாலும் அடங்கிப்போயிற்று. லண்டனில் காலரா தண்ணீர் வழியே பரவுவதைப் பம்பு ஒன்றைக் காட்டி நிறுவிய ஜான் ஸ்நோவும் இவரே.

அரசியின் வலி அடங்கியது. குழந்தைக்கு என்ன ஆயிற்று? இந்தக் கேள்வியை அந்நாளில் கேட்டவர்கள் மிகச் சிலர். நஞ்சுக்கொடி ஒரு சுவர், தாய்க்குக் கொடுக்கும் மருந்து அதைத் தாண்டாது என்றே பலரும் நம்பினர். ஈதர் பெற்ற தாயின் குழந்தையுடைய மூச்சில் ஈதரின் வாடை இருப்பதை ஸ்நோ கவனித்திருந்தார். 1870-களில் பால் ஸ்வைஃபெல் என்பவர் தாய்க்குக் கொடுத்த குளோரோஃபார்ம் குழந்தையிடமும் இருப்பதை வேதியியல் முறையில் காட்டினார். ஆகவே நஞ்சுக்கொடி சுவர் அல்ல, சல்லடை. சிறிய, கொழுப்பில் கரையும் மூலக்கூறுகள் அதில் எளிதாக நுழையும்; பெரியவையும் மின்னூட்டம் கொண்டவையும் தடைபடும். இந்த ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொண்டால் இனி வருவன அனைத்தும் தெளிவாகும்.

இந்தியாவுக்கு ஈதர் 1847-லேயே வந்துவிட்டது, கல்கத்தாவில் பயன்படுத்தினார்கள். குளோரோஃபார்ம் அடுத்த ஆண்டு வந்தது. குளோரோஃபார்ம் கொல்வது மூச்சை நிறுத்தியா, இதயத்தை நிறுத்தியா என்ற வழக்கைத் தீர்க்க ஹைதராபாத் நிஜாம் பணம் கொடுத்து 1888, 1889 ஆண்டுகளில் இரண்டு ஆய்வுக் குழுக்களை அமைத்தார் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். எட்வர்டு லாரி தலைமையிலான அக்குழுவினர் மூச்சைக் கவனித்தால் போதும் என்றனர். இதயமும் திடீரென நிற்கக்கூடும் என்று 1911-ல் லெவி என்பவர் காட்டியபோது அந்த முடிவு சரிந்தது. ஆயினும் உலகின் முதல் பெண் மயக்க மருத்துவர் என்று பலரும் குறிப்பிடும் ரூபாபாய் ஃபர்தூன்ஜி அந்த ஹைதராபாத் பள்ளியில் உருவானவர் என்பதை மறக்கக் கூடாது.

சென்னையில் எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை 1844-லேயே தோன்றிவிட்டது. ஆனால் ஆண் மருத்துவரிடம் போக மறுத்த பெண்கள் ஏராளம். 1875-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் நான்கு பெண்களுள் ஒருவரான மேரி ஷார்லிப், பின்னர் இங்கிலாந்தில் விக்டோரியா அரசியைக் கண்டு இந்தியப் பெண்களின் பிரசவத் துயரத்தை எடுத்துரைத்தார். 1885-ல் சென்னையில் தோன்றிய கோஷா ஆஸ்பத்திரிக்கு அரசியின் பெயர் சூட்டப்பட்டது. இன்று அது திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. குளோரோஃபார்ம் வாங்கிப் பிள்ளை பெற்ற அரசியின் பெயர் நம் ஊர்ப் பிரசவ ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

அந்தக் காலத்தில் அறுவைப் பிரசவம் என்பது தாயின் உயிரைப் பணயம் வைப்பதுதான். கருப்பையைக் கீறிவிட்டு அதைத் தைக்காமலே விட்டுவிடுவது வழக்கம்! 1882-ல் ஜெர்மனியின் மாக்ஸ் சேங்கர் கருப்பையையும் தைத்து மூட வேண்டும் என்று காட்டியபின்தான் பிழைப்பவர் தொகை கூடியது. 1920-களில் மன்ரோ கெர் கருப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காகக் கீறும் முறையைப் பரப்பினார். குருதி மாற்றும் ஆன்டிபயாடிக் மருந்துகளும் பின்னர் வந்தன. தாய் பிழைப்பாள் என்ற உறுதி ஏற்பட்ட பிறகே மருத்துவர்களின் கவனம் குழந்தையின் பக்கம் முழுமையாகத் திரும்பியது.

ஐந்து குறிகள், பத்து மதிப்பெண்

அந்தக் கவனத்துக்கு ஓர் அளவுகோலைக் கொடுத்தவர் வர்ஜீனியா ஆப்கார் (1909-1974) என்ற அமெரிக்கப் பெண்மணி. அறுவை மருத்துவராகத் தேர்ச்சி பெற்றவர். பெண்ணுக்கு இத்துறையில் பிழைப்பு நடக்காது என்று அவருடைய ஆசிரியர் எடுத்துச் சொல்லி, மயக்க மருத்துவத்தின் பக்கம் திருப்பிவிட்டார். 1949-ல் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் முழுப் பேராசிரியர் பதவி பெற்ற முதல் பெண் அவரே.

பிறந்த குழந்தை நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதை அந்நாளில் ஒவ்வொருவரும் தத்தம் போக்கில் சொல்லிக்கொண்டிருந்தனர். ஒரு நாள் காலைச் சிற்றுண்டியின்போது மாணவர் ஒருவர், "குழந்தையை எப்படி மதிப்பிடுவது?" என்று கேட்க, ஆப்கார் கைக்கு அகப்பட்ட தாளில் ஐந்து குறிகளை எழுதிக் கொடுத்தார் என்பார்கள். இதயத் துடிப்பு, மூச்சு, தசை முறுக்கு, தூண்டினால் காட்டும் எதிர்வினை, உடல் நிறம் என்பவையே அவை. ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண், மொத்தம் பத்து. குழந்தை பிறந்து சரியாக ஒரு நிமிடத்தில் இதைப் போட வேண்டும். ஐந்தாம் நிமிடக் கணக்கு பிறகு சேர்ந்தது. இது 1953-ல் வெளியாயிற்று. உலகெங்கும் இன்று பிறக்கும் குழந்தைகள் வாழ்க்கையில் எழுதும் முதல் பரீட்சை இதுதான். திருப்பூர் அரசு மருத்துவமனையின் பிரசவ ஏட்டிலும் இதற்கு ஒரு கட்டம் இருக்கும்.

ஆப்காரின் அந்த முதல் கட்டுரையிலேயே நம் பொருள் இடம்பெற்றுவிட்டது. அறுவையில் பிறந்த குழந்தைகளைத் தாய்க்குக் கொடுத்த மயக்க வகைப்படி அவர் பிரித்துப் பார்த்தார். முதுகுத் தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்த தாய்மாரின் குழந்தைகளுக்குச் சராசரி 8. முழு மயக்கம் பெற்ற தாய்மாரின் குழந்தைகளுக்குச் சராசரி 5.

முழு மயக்கத்துக்கு அந்நாளில் விரும்பிப் பயன்படுத்திய வளிகளுள் ஒன்று சைக்ளோபுரொப்பேன். ஆப்காருக்கும் அது மிகவும் பிடித்த வளி. அவரும் அவருடைய துணைவர்களும் தொப்புள் கொடியின் குருதியைச் சோதித்துப் பார்த்தபோது, அது குழந்தையைச் சோர்வடையச் செய்வது உறுதியாயிற்று. அவர் அதைக் கைவிட்டார். அவருடைய மதிப்பெண் முறையை எல்லாரும் புகழ்கிறார்கள். விருப்பமான கருவி தவறானது என்று எண்கள் காட்டியவுடன் அதை ஒதுக்கிய செயலையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

மாணவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்க வேண்டும். 8-க்கும் 5-க்கும் இடையிலுள்ள வேறுபாடு முழுவதும் மருந்தால் வந்ததா? அவசரமாக, குழந்தை உள்ளே திணறிக்கொண்டிருக்கும்போது அறுவை செய்ய நேர்ந்தால் முழு மயக்கத்தைத்தான் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பார்கள், அது விரைவானது. அப்படியானால் ஏற்கெனவே நலிந்த குழந்தைகள் முழு மயக்கத்தின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. பழுதான துணி வந்த மெஷினில் தைத்த உருப்படிகளில் குறை அதிகம் என்று தையற்காரரைப் பழிப்பது போன்றது அது. இந்தச் சிக்கலைப் பிரிக்க, அவசரமில்லாத, முன்கூட்டித் திட்டமிட்ட அறுவைகளை மட்டும் எடுத்து ஆராய வேண்டியிருந்தது. அப்படி ஆராய்ந்தபோது வேறுபாடு வெகுவாகச் சுருங்கியது. ஆனால் அதன் உள்ளே ஒரு புதிய செய்தி ஒளிந்திருந்தது.

எட்டு நிமிடமும் 180 விநாடியும்

முழு மயக்கத்தில் முதலில் நரம்பில் ஏற்றும் மருந்து ஒன்று உண்டு. நெடுங்காலம் அது தயோபென்டோன். தாயின் நரம்பில் ஏற்றிய ஒரு நிமிடத்துக்குள் அது குழந்தையின் தொப்புள் கொடிக்கு வந்துவிடும். ஆயினும் குழந்தையின் மூளையை அடையும் அளவு குறைவு. கொடி வழியே வரும் குருதியின் பெரும்பகுதி முதலில் கல்லீரலுக்குப் போகிறது. பிறகு உடலின் கீழ்ப்பகுதியிலிருந்து வரும் குருதியுடன் கலந்து நீர்த்துவிடுகிறது. தசைகளைத் தளர்த்தும் சக்சமெத்தோனியம் போன்ற மருந்துகள் மின்னூட்டம் கொண்டவை. அவை நஞ்சுக்கொடியை ஏறத்தாழத் தாண்டுவதே இல்லை. தாய் சுவாசிக்கும் மயக்க வளிகளின் கதை வேறு. நேரம் ஆக ஆக அவை குழந்தையின் உடலில் சேர்ந்துகொண்டே போகும்.

1981-ல் பாஸ்டனில் சஞ்சய் தத்தாவும் அவருடைய குழுவினரும் இரண்டு இடைவெளிகளைக் கடிகாரம் வைத்து அளந்து வெளியிட்டனர். ஒன்று, மயக்கம் தொடங்கியதிலிருந்து குழந்தை பிறக்கும் வரை. மற்றொன்று, கருப்பையில் கத்தி பட்டதிலிருந்து குழந்தை பிறக்கும் வரை. முழு மயக்கத்தில் முதல் இடைவெளி 8 நிமிடத்தைத் தாண்டினாலோ, இரண்டாவது இடைவெளி 180 விநாடியைத் தாண்டினாலோ, ஆப்கார் எண் குறைந்தது. குழந்தையின் குருதியில் அமிலம் கூடியது. முதுகுத் தண்டு ஊசியில் முதல் இடைவெளி எத்தனை நீண்டாலும் பொருட்டில்லை. ஆனால் 180 விநாடிக் கணக்கு அங்கும் அப்படியே இருந்தது!

இது ஏன்? முதுகில் போடும் ஊசியின் மருந்து மிகக் குறைவு. இன்று வழக்கிலுள்ள புபிவக்கைனில் ஏறத்தாழ 10 மில்லிகிராம். அது தண்டுவடத்தைச் சூழ்ந்த நீரிலேயே வேலை செய்கிறது. தாயின் குருதிக்கு வருவது சொற்பம். குழந்தைக்குச் செல்வது அதிலும் சொற்பம். எனவே மருந்து சேரும் பயம் இல்லை. ஆனால் கருப்பையைக் கீறியவுடன் அதன் தசை சுருங்கத் தொடங்குகிறது, குருதிக் குழாய்கள் இறுகுகின்றன, நஞ்சுக்கொடிக்குச் செல்லும் குருதி குறைகிறது. அது மருந்தால் வருவது அல்ல, கத்தியால் வருவது. எந்த மயக்கம் கொடுத்தாலும் கருப்பையைக் கீறியபின் அறுவை மருத்துவர் சுணங்கக் கூடாது என்பது அதன் பொருள்.

ஆகவே முழு மயக்கத்தில் ஒரு நடைமுறை வழக்கமாகிவிட்டது. வயிற்றைக் கழுவி, துணி விரித்து, கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு அறுவை மருத்துவர் தயாராக நின்ற பிறகே மயக்க மருந்து ஏறும். இது வெளியில் இருந்து பார்ப்பவர்க்குக் கொடுமையாகத் தோன்றலாம். குழந்தையின் பங்குக்கு வரும் வளியைக் குறைக்கும் ஏற்பாடு அது.

காப்பியும் இடுப்பு வலியும்

முதுகு ஊசி 1898-ல் பிறந்தது. ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் கொக்கெயினைக் கொண்டு அதைச் செய்து காட்டினார். இரண்டே ஆண்டில் பாசல் நகரில் ஒரு மருத்துவர் அதைப் பிரசவத்தில் பயன்படுத்திவிட்டார். ஆனால் அது பெருவழக்காக நெடுங்காலம் ஆயிற்று. தடித்த ஊசிகளால் வந்த கடும் தலைவலி ஒரு காரணம். திடீரென இரத்த அழுத்தம் விழுந்தது மற்றொரு காரணம்.

அதன் பக்கம் மருத்துவர்களைத் தள்ளியது குழந்தையின் நலன் மட்டும் அல்ல, தாயின் உயிரும்தான். 1946-ல் நியூயார்க் மருத்துவர் மெண்டல்சன், 44,016 பிரசவங்களில் 66 தாய்மாருக்கு மயக்கத்தின்போது இரைப்பையில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போனதைக் காட்டினார். திட உணவு அடைத்து இருவர் இறந்தனர். கருவுற்ற பெண்ணின் இரைப்பை மேலே தள்ளப்பட்டிருக்கும். அதன் வாயும் தளர்ந்திருக்கும். அறுவைக்கு முன் பட்டினி போடுவது இதனால்தான். "பெத்தவளுக்குத் தெம்பு வேண்டாமா, ஒரு வாய் காப்பியாவது குடிக்கட்டும்" என்று மாமியார் ஒளித்துக் கொடுக்கும் டம்ளரை நர்சுகள் பிடுங்குவதற்குப் பின்னால் இத்தனை வரலாறு இருக்கிறது. இதில் நர்சின் பக்கமே நியாயம். அமெரிக்காவில் 1985-90 ஆண்டுகளில் முழு மயக்கத்தில் செய்த அறுவைப் பிரசவங்களில் மயக்கத்தால் இறந்தோர் பத்து லட்சத்துக்கு 32 பேர்; உடலின் ஒரு பகுதியை மட்டும் மரக்கச் செய்தவற்றில் 2 பேர் மட்டுமே.

"ஏனுங்க டாக்டர், முதுகுல ஊசி போட்டா ஆயுசுக்கும் இடுப்பு வலிக்குமாமுங்களே?" கொங்கு நாட்டு மயக்க மருத்துவர் எவரும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. ஊசி குத்திய இடத்தில் சில நாள் வலி இருக்கலாம். சிலருக்கு உட்கார்ந்தால் வரும் தலைவலி சில நாள் இருக்கும். நீண்ட நாள் முதுகுவலிக்கு ஊசி காரணம் என்று ஆய்வுகள் காட்டவில்லை. ஊசி போடாமல் இயற்கையாகப் பெற்றவர்களுக்கும் அதே அளவில் அந்த வலி வருகிறது. கர்ப்பத்தில் தளர்ந்த மூட்டிணைப்புகளும், குனிந்து குழந்தையைத் தூக்குவதும், பாலூட்டும்போது உட்காரும் விதமும் அதற்குக் காரணங்கள். பிள்ளை பெற்ற சில மாதத்தில் முதுகுக்குச் சாய்வில்லாத ஸ்டூலில் எட்டு மணி, பத்து மணி நேரம் மெஷின் முன் உட்காரும் பெண்ணுக்கு வலி வந்தால், பழி ஊசியின் மேல் போவது எளிது. ஸ்டூலின் மேல் போவது கடினம்.

தலைகீழான ஒரு தீர்ப்பு

முதுகு ஊசியில் குழந்தைக்கு உள்ள ஒரே பெரிய இடர், தாயின் இரத்த அழுத்தம் விழுவதுதான். நஞ்சுக்கொடிக்குச் செல்லும் குருதி தாயின் அழுத்தத்தையே நம்பியிருக்கிறது. மூளையும் சிறுநீரகமும் தமக்கு வேண்டிய குருதியைத் தாமே ஓரளவு சரிசெய்துகொள்ளும். நஞ்சுக்கொடிக்கு அந்தத் திறமை இல்லை. அதோடு, மல்லாந்து படுத்த தாயின் கனத்த கருப்பை முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெருநாளங்களை அழுத்திவிடும். இதற்காகத்தான் வலது இடுப்பின் கீழ் ஒரு துணிச் சுருளை வைத்து உடலை இடப்பக்கம் சாய்க்கிறார்கள்.

விழுந்த அழுத்தத்தை ஏற்ற எந்த மருந்து? 1974-ல் ரால்ஸ்டன் என்பவரும் தோழர்களும் சினை ஆடுகளில் சோதித்துப் பார்த்தனர். குழாய்களை இறுக்கி அழுத்தத்தை ஏற்றும் சில மருந்துகள் கருப்பையின் குருதியோட்டத்தைக் குறைத்தன. எபெட்ரின் அப்படிக் குறைக்கவில்லை. ஆகவே எபெட்ரினே உகந்தது என்ற தீர்ப்பு பாடநூல்களில் ஏறிற்று. ஒரு தலைமுறை மருத்துவர்கள் அதை வேதவாக்காகக் கொண்டனர்.

மனிதத் தாய்மாரிடம் ஒப்பிட்டுப் பார்த்தபோது நிலைமை மாறியது. 2009-ல் ஹாங்காங்கில் வார்விக் ஙான் கீயும் குழுவினரும் எபெட்ரினையும் ஃபினைலெஃப்ரினையும் 104 தாய்மாரிடம் ஒப்பிட்டனர். எபெட்ரின் பெற்றவர்களின் குழந்தைகளின் குருதியில்தான் அமிலம் அதிகம். காரணம், எபெட்ரின் சல்லடையைத் தாண்டிக் குழந்தைக்கே போய்விடுகிறது; குழந்தையின் உடலில் எரிபொருள் செலவைத் தூண்டிவிடுகிறது. ஆடு சொன்னது பொய்யில்லை. கருப்பைக்குச் செல்லும் குருதியை மட்டுமே அது சொல்லிற்று. குழந்தைக்குள்ளே நடப்பதை அந்த அளவை தொடவில்லை. இன்று ஃபினைலெஃப்ரினே முன்னிலையில் உள்ளது. நம் நாட்டில் மெஃபென்டெர்மினும் பரவலாகப் பயன்படுகிறது.

எந்த வாரம், எந்த நட்சத்திரம்

இதுவரை பார்த்தவை நிமிடக் கணக்கு. வாரக் கணக்கு அதைவிட முக்கியம் என்பது என் எண்ணம்.

கருவிலுள்ள குழந்தையின் நுரையீரல் நீரால் நிரம்பியிருக்கும். பிரசவ வலி தொடங்கும்போது சுரக்கும் ஹார்மோன்கள் அந்த நீரை உறிஞ்சும்படி நுரையீரலைத் தூண்டுகின்றன. வலி வருமுன்னே அறுவை செய்து எடுத்தால், நீர் வற்றாத நுரையீரலோடு குழந்தை வெளியே வருகிறது, மூச்சு வாங்குகிறது. முழு வளர்ச்சி பெற்ற குழந்தையிடமும் இது நிகழும்; நாள் குறையக் குறைய இடர் ஏறும். 2009-ல் அமெரிக்காவில் டீட்டாவும் குழுவினரும், முன்பே ஒரு முறை அறுவை செய்துகொண்டவர்களில் திட்டமிட்டு மறு அறுவைக்கு உள்ளான 13,258 தாய்மாரை ஆராய்ந்தனர். 39-ம் வாரத்தில் எடுத்த குழந்தைகளில் நூற்றுக்கு 8 குழந்தைகளுக்கு மூச்சுத் திணறல் முதலிய ஏதேனும் ஒரு கேடு. 38-ம் வாரத்தில் 11. 37-ம் வாரத்தில் 15. ஒரே ஒரு வாரம்தானே என்று நாம் நினைக்கும் இடத்தில் இத்தனை வேறுபாடு. தாய்க்கோ சேய்க்கோ வேறு நோயில்லாவிட்டால் 39 வாரம் நிறையும் வரை பொறுப்பது என்பது இதனால் வந்த விதி.

நம் ஊரில் இந்த விதியோடு பஞ்சாங்கம் வந்து மோதுகிறது. மூலம் வேண்டாம், ஆயில்யம் வேண்டாம், அஷ்டமி கூடாது, ராகுகாலத்தில் கத்தி வைக்காதே என்று தேதியும் மணியும் குறித்துக்கொண்டு வருகிறவர்கள் தமிழ்நாட்டின் எந்த நகரத்திலும் இருக்கிறார்கள். திருப்பூர் விலக்கு அல்ல. 39 வாரம் நிறைந்த பிறகு, செவ்வாய்க்குப் பதில் புதன், பத்து மணிக்குப் பதில் பதினொன்று என்றால் குழந்தைக்கு ஒன்றும் கெட்டுவிடாது. 37-ம் வாரத்தில் ஒரு நல்ல நட்சத்திரம் விழுகிறது என்று எடுக்கச் சொல்வதும், குழந்தையின் துடிப்பு குறைகிற வேளையில் ராகுகாலம் கழியட்டும் என்று காத்திருப்பதும் வேறு. ஜாதகம் நன்றாக அமைந்த குழந்தை கண்ணாடிப் பெட்டியில் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பதில் யாருக்கு என்ன நன்மை?

வாரக் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. கடைசி மாதவிலக்குத் தேதியைத் தாய் சரியாகச் சொன்னால்தான் அது சரியாக வரும். முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன் அதைச் சில நாள் பிழையில் உறுதிசெய்யும். எட்டாம் மாதத்து ஸ்கேனில் பிழை வாரக்கணக்கில் இருக்கலாம். பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்து, லைன் வீட்டில் குடியிருந்து, நான்காம் ஐந்தாம் மாதம்வரை வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக முடியாத பெண்ணுக்கு அந்த முதல் ஸ்கேன் கிடைக்காமல் போவது உண்டு. பீஸ் ரேட்டில் வேலை செய்பவருக்கு ஒரு நாள் போனால் அந்த நாள் கூலி போயிற்று.

மயக்க மருத்துவர் எங்கே?

அவசர அறுவைக்கு முடிவெடுத்ததிலிருந்து குழந்தை பிறக்கும் வரை 30 நிமிடம் என்பது பல நாடுகளில் வழங்கும் அளவுகோல். முப்பத்தோராவது நிமிடத்தில் குழந்தைக்குத் தீங்கு வந்துவிடும் என்பதில்லை. ஒரு மருத்துவமனை எவ்வளவு ஆயத்தமாக இருக்கிறது என்பதை அளக்கும் கோல் அது. கொடி நழுவி அழுந்தியது போன்ற நிலைகளில் முப்பது நிமிடமும் அதிகம். அங்கேதான் முழு மயக்கம் தன் பழைய மதிப்பை மீட்டுக்கொள்கிறது. தாய்க்குக் கடும் இரத்தப்போக்கு, குருதி உறையாத நிலை போன்றவற்றிலும் முதுகு ஊசி ஆகாது.

சிறு நகரங்களின் தனியார் மருத்துவமனைகள் பலவற்றில் மயக்க மருத்துவர் அங்கேயே இருப்பதில்லை, அழைத்தால் வருபவர். ஒரே நாளில் மூன்று, நான்கு மருத்துவமனைகளுக்கு ஓடுகிறவர்கள் உண்டு. அரசுத் துறையில் இந்தப் பற்றாக்குறையை நிரப்ப, எம்.பி.பி.எஸ். படித்த மருத்துவர்களுக்கு 18 வாரம் மயக்கப் பயிற்சி அளிக்கும் திட்டத்தை மத்திய அரசு கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் நாள் முழுவதும் இயங்கும் அவசர மகப்பேறு மையங்கள் 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் அமைந்தன. 2008-ல் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது. திருப்பூர் 2009-ல்தான் தனி மாவட்டமாயிற்று. அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதற்கு முன்னெல்லாம் சிக்கலான கேஸ் என்றால் கோயம்புத்தூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஐம்பது கிலோமீட்டர் போக வேண்டும். தாராபுரம், உடுமலை, காங்கயம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கணக்கிட்டால் தூரம் இன்னும் வேறு. எட்டு நிமிடம், 180 விநாடி என்று அறுவை அறைக்குள் எண்ணும் கடிகாரம் அந்தச் சாலையில் செலவான ஒரு மணி நேரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

குழந்தை வெளியே வந்த பிறகு ஒரு வேடிக்கை. அதுவரை ஓடிய அவசரம் அங்கே நின்றுவிட வேண்டும். முன்னெல்லாம் கொடியை உடனே இடுக்கி போட்டு வெட்டுவார்கள். குழந்தை நன்றாக மூச்சுவிட்டால் ஒரு நிமிடமாவது பொறுத்து வெட்டுங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த நேரத்தில் நஞ்சுக்கொடியில் தங்கியுள்ள குருதி குழந்தைக்கு வந்து சேர்கிறது. அதிலுள்ள இரும்புச் சத்து பல மாதங்களுக்கு உதவும். முன்சொன்ன தேசிய ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகையுடையவர்கள். மரத்துப்போன இடுப்போடு விழித்திருக்கும் தாய் அந்த ஒரு நிமிடத்தில் தன் குழந்தையின் முதல் அழுகையைக் கேட்டுக்கொண்டிருப்பாள். திரைக்கு அப்பால் நர்ஸ் ஆப்கார் எண்ணைப் போட்டுக்கொண்டிருப்பார்.